தபால்தலை ஆகாத வில்லை

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு நான் எழுதிய முதல் புதுவருஷ வாழ்த்துக்காக என் தாய்மாமா தபால்காரரிடம் அபராதம் கட்ட நேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொரு பையன் கையிலும் ஒரு வில்லையைக் கொடுத்து, அதற்குரிய சில்லறையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, “இதைக் கடிதத்தில் ஒட்டி அனுப்பு, காசநோய்க்காரர்களுக்கு உபகாரம்” என்று மட்டும் சொன்னார். ஓரமெல்லாம் பல் பல்லாகத் துளையிட்டு, பின்புறம் பசை தடவி, முன்புறம் சிவப்பில் இரட்டைச் சிலுவை பொறித்திருந்த அந்தக் காகிதத் துண்டு தபால்தலை அன்றி வேறொன்றாக இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு வேண்டிய உலக ஞானம் அன்று எனக்கு இல்லாததால், உறையின் வலது மேல்மூலையில் எச்சில் தொட்டு அதை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் மாமாவின் பதில் வந்தது: “சிரஞ்சீவி மருமகனுக்கு ஆசீர்வாதம். உன் வாழ்த்து வந்து சேர்ந்தது. தபால் கூலிக்கு இரட்டிப்பாகத் தண்டம் அழுதேன். ஆனால் அந்த வில்லை என்னவென்று தபால்காரரைக் கேட்டதில் விஷயம் தெரிந்து, நானும் பத்து வில்லை வாங்கியிருக்கிறேன். நீ ஒட்டவேண்டிய இடம் உறையின் பின்பக்கம்.”

தபால்தலை ஆகாத அந்த வில்லைக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் ஐனார் ஹோல்போல் என்னும் தபால் உத்தியோகஸ்தர், கிறிஸ்துமஸ் காலத்தில் மலைபோல் குவியும் வாழ்த்துக் கடிதங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கையில், இவை ஒவ்வொன்றிலும் தபால்தலையோடு மற்றொரு சிறு வில்லையும் ஒட்டப்பட்டு, அதன் கிரயம் காசநோய் கண்ட குழந்தைகளுக்குப் போய்ச் சேருமானால் எவ்வளவு திரளும் என்று எண்ணிப் பார்த்தாராம். கடிதம் எழுதுபவன் ஏற்கெனவே பணப்பையைத் திறந்துவிட்டான், இன்னும் ஓர் அற்பத் தொகை கேட்டால் மறுக்கமாட்டான் என்பதே அவருடைய யோசனையின் சாரம். 1904-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, காலஞ்சென்ற லூயிஸ் ராணியின் உருவத்தோடு முதல் வில்லை வெளிவந்தது. அந்த ஒரு பருவத்திலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றுப்போயிற்று. மூன்று வருஷங்கழித்து அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்தில் சிறியதொரு காசநோய் விடுதி 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எமிலி பிஸெல் என்னும் அம்மையார் இந்த டேனிஷ் உபாயத்தைப் பத்திரிகையில் படித்தறிந்து, தாமே ஒரு வில்லை வரைந்து, ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் மந்தமாயிருந்த விற்பனை, பிலடெல்பியாவின் தினப்பத்திரிகை ஒன்று தினந்தோறும் அதைப் பற்றி எழுத முன்வந்த பிறகு வேகம் பிடித்து, வேண்டியிருந்ததைப்போல் பத்து மடங்காக 3,000 டாலர் சேர்ந்தது.

நம் நாட்டில் இந்தப் பொறுப்பை ஏற்றது 1939-இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியக் காசநோய்ச் சங்கம். அச்சங்கம் 1950 முதல் வருஷந்தோறும் வில்லை வெளியிட்டு வருகிறது. காந்தி ஜயந்தியன்று தொடங்கிக் குடியரசு தினம் வரையில் விற்பது சம்பிரதாயம். மாவட்ட ஆபீஸுகளும் பள்ளிக்கூடங்களும் பாங்குகளும் வில்லைக் கத்தைகளை வாங்கிக்கொள்ளும். உத்தியோகஸ்தர்கள் அவற்றைத் தங்களுக்குக் கீழுள்ளவர்கள் தலையில் கட்டுவார்கள். கடைசியில் ஒன்பது வயதுப் பையன்கள் கையில் வந்து முடியும். இந்த விற்பனையில் விருப்பத்தைக் காட்டிலும் நிர்ப்பந்தமே அதிகம் என்று அந்நாளில் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இந்தக் குறையைச் சொல்லுகிறவர்கள், காசநோய் என்ற சொல்லையே வாய்விட்டு உச்சரிக்கக் கூசிய ஒரு சமுதாயத்தில் அந்தச் சொல்லை லட்சக்கணக்கான உறைகளின் முதுகில் ஒட்டி வீதியில் உலாவ விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. திருவனந்தபுரத்தில் புலயனார்கோட்டையில் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. என் சிறுவயதில் ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார் என்பதைப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பார்கள். நோயாளி குணமாகித் திரும்பினாலும் அவர் குடித்த டம்ளரைத் தனியே கவிழ்த்து வைப்பார்கள். இரட்டைச் சிலுவை வில்லை அந்த வீட்டுக்கும் வந்தது.

இங்கே சென்னையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. காசநோய்க்கு நல்ல காற்றும், பாலும் முட்டையும், மாதக்கணக்கான படுக்கை ஓய்வும் வேண்டும், ஆகையால் சானடோரியமே கதி என்று உலகம் முழுவதும் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒரு துணிச்சலான பரிசோதனையை மேற்கொண்டது. ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை அவரவர் குடிசையிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் தின்றது குறைவு. வேலை செய்தது அதிகம். படுத்ததோ நெரிசலான ஓரறையில். எனினும் குணமானவர்களின் விகிதத்தில் சொல்லத்தக்க பேதமில்லை என்றும், வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் குடும்பத்தாருக்கு விசேஷ அபாயம் நேரவில்லை என்றும் 1959-இல் வெளிவந்த முடிவு உலக வைத்தியத்தின் போக்கையே மாற்றிற்று. கட்டடங்களுக்கு வேண்டிய பணத்துக்குப் பதிலாக, வீடு வீடாய்ச் சென்று நோயாளி மாத்திரையை விழுங்கினானா என்று விசாரிக்கும் ஊழியர்களும், அவர்களுக்குப் பயிற்சியும், ஜனங்களுக்குத் தெளிவும் தேவையாயின. இவை யாவும் பெருந்தனவந்தரின் ஒரே கொடையால் ஆகிறவை அல்ல. சிறுசிறு தொகையாகப் பலரிடமிருந்து, வருஷந்தவறாமல் வரவேண்டியவை.

திருவனந்தபுரம் பெரிய கொடைகளைக் கண்ட ஊர். ஜெனரல் ஆஸ்பத்திரி ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் 1865-இல் ஏற்பட்டது. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்களில், 1951 நவம்பரில், ஜவாஹர்லால் நேரு இங்கே வைத்தியக் கல்லூரியைத் திறந்துவைத்தார். மறு வருஷம் அதன் அருகிலேயே எழுந்த தாய்-சேய் ஆஸ்பத்திரி, சிறுவயதில் காலமான அவிட்டம் திருநாள் இளவரசரின் பெயரை ஏற்று, இன்று எஸ்.ஏ.டி. என்ற மூன்றெழுத்தாக நகரத்தார் நாவில் வழங்குகிறது. பின்னர் 1973-இல் அரச குடும்பத்தார் பல மாடிக் கட்டடம் ஒன்றையே வைத்தியத்துக்காக அளித்ததில் உருவானதுதான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய விஞ்ஞான ஸ்தாபனம். இந்தியாவில் செய்யப்பட்ட செயற்கை இருதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது அங்கேதான். மாடிக் கட்டடத்தைக் கொடுக்க அது உள்ளவரால்தான் முடியும். கரமனையிலும் வலியசாலையிலும் வாடகை வீட்டில் குடியிருந்த எங்களைப் போன்றோருக்கு வைத்திய தர்மத்தில் கைவைக்க என்ன வழி? அந்த வழிகளில் ஒன்றாகத்தான் வில்லையும் வாழ்த்து அட்டையும் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷனாரால் தொடங்கப்பட்ட வைத்தியசாலையும், வடக்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்காக வேலூரில் தொடங்கிய வைத்தியப் பள்ளியும் இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். எவரெஸ்ட் ஏறச் சென்ற கூட்டத்தில் ஒருவரான ஹோவர்ட் சாமர்வெல் 1922-இல் தெற்கே சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரின் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு, பிற்பாடு அங்கேயே பணிபுரிய வந்துவிட்டார். பிற்காலத்தில் வேலூரில் மாணவர்களுக்குச் சத்திர சிகிச்சை கற்பித்தார். வேலூர்ப் பள்ளிக்கு நேர்ந்த கதை இன்னும் ருசிகரமானது. வேலூர் உட்பட ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக, வேறிடத்தில் 20 லட்சம் டாலர் சேர்த்தால் தாங்கள் 10 லட்சம் தருவதாக ராக்பெல்லர் நிதியினர் நிபந்தனை போட, லூசி பீபாடி என்னும் அம்மையாரின் தலைமையில் அமெரிக்க ஸ்திரீகள் ஊர் ஊராகத் திரட்டினார்கள். 1922 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில், ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்கும் நாள் ஒன்றையே குறித்தார்கள். பெரிய கையைத் திறக்கச் சிறு கைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

வாழ்த்து அட்டைக்கும் தர்மத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. விற்பனைக்கென அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது, 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு எழுதுவித்தது. ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். நடுவில் ஒரு குடும்பம் மதுக்கிண்ணம் ஏந்தி வாழ்த்துகிறது. குழந்தையின் கையிலும் கிண்ணம் இருப்பதாக மதுவிலக்குக்காரர்கள் அந்நாளில் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படத்தின் இரு பக்கங்களிலும், பசித்தோருக்கு அன்னமிடுவதும் ஆடையற்றோருக்கு வஸ்திரம் அளிப்பதுமான சித்திரங்கள் இருப்பதைச் சண்டையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். படத்தில் இருந்த தர்மம் விலையில் இறங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1949-இல், யுத்தத்தால் நொந்த செக்கோஸ்லோவாகியாவில் யித்கா சம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியிலிருந்து தன் கிராமத்துக்கு வந்த உதவிக்கு நன்றியாக, கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஆடுவதை வரைந்து அனுப்பினாள். காகிதம் கிடைக்காமல் கண்ணாடித் துண்டில் வரைந்தாளாம். அதுவே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. நம் நாட்டில் 1979-இல் விமானப் பணியாளராயிருந்த ரிப்பன் கபூர், நண்பர் அறுவருடன் சேர்ந்து ஐம்பது ரூபாய் முதலோடு ‘கிரை’ என்ற குழந்தைகள் நல ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, பணம் சேர்க்க அவர் கைக்கொண்டதும் வாழ்த்து அட்டையைத்தான். வாயாலும் காலாலும் ஓவியம் எழுதுவோர் தங்கள் அட்டைகளை வீடுகளுக்கு அனுப்பி வைப்பதும் பலருக்கு நினைவிருக்கும். 1956-இல் எரிக் ஸ்டெக்மன் அமைத்த அந்தக் கூட்டத்தார், இது தர்மம் அல்ல, தங்கள் கைத்தொழில், அல்லது வாய்த்தொழில் என்றே வற்புறுத்துவார்கள். அந்த ரோசத்தை நான் மதிக்கிறேன்.

சாதாரணமாகத் தானம் என்பதில் இருவர் உண்டு, கொடுப்பவரும் வாங்குபவரும். வாழ்த்து அட்டையிலோ மூவர். பணம் கொடுக்கிறவர் ஒருவர். அதன் பலனை அடைகிறவர், முகமறியாத நோயாளி அல்லது குழந்தை, மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையில், ஒன்றும் கொடாமலும் ஒன்றும் வாங்காமலும், அட்டையைப் பெற்று, திருப்பிப் பார்த்து, பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஸ்தாபனத்தின் பெயரைப் படித்து, ரேடியோப் பெட்டியின் மேல் பொங்கல் வரையில் நிறுத்தி வைக்கிற மூன்றாமவர் ஒருவர். அச்சுக் கூலியும் கடைக்காரன் கமிஷனும் போக அட்டையில் மிஞ்சுவது சொற்பம். கணக்குப் பார்க்கிறவர்கள், அந்தத் தொகையை நேரே மணியார்டர் செய்தாலென்ன என்பார்கள். செய்யலாம். ஆனால் மணியார்டர் வடசேரி மாமாவின் வாசலுக்குப் போய்ப் பத்து வில்லை வாங்க வைக்காது.

தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. சிவகாசியில் அச்சாகி, கரும்பும் பானையும், முருகனும், சினிமா நடிகர்களுமாகக் கடைவாசல்களில் கயிற்றில் தொங்கிய அந்த அட்டைகளை வாங்கக் குழந்தைகள் மாதக்கணக்கில் காசு சேர்த்தார்கள். அந்தப் பெருவெள்ளத்தில் ஒரு வாய்க்காலையேனும் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட ஏன் பெரிய முயற்சி நடக்கவில்லை என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. பண்டிகை நாளில் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு முறத்தில் அள்ளிக் கொடுத்துப் பழகிய நமக்கு, முகம் தெரியாதவனுக்குத் தபால் மூலமாகக் கொடுப்பது வழக்கமாகப் படியவில்லையோ என்னவோ. வாழ்த்து கைப்பேசிக்குக் குடியேறிவிட்ட இந்நாளில், அந்த வாய்க்காலைப் பற்றிப் பேசுவதே வீண். ஒருவர் அனுப்பிய பூங்கொத்துப் படம் பத்து நிமிஷத்தில் நூறு பேருக்குப் போய்விடுகிறது. யாரும் ஒரு பைசா செலவழிக்கவில்லை. யாரும் எதையும் நிறுத்தி வைக்கவுமில்லை.

ஆனால் திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதக் காகிதம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பாளையத்தில், ஒரே நாற்சந்தியைச் சுற்றி மாதாகோயிலும் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் நிற்கும் அந்த இடத்தில், நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கும்போது லாட்டரிக்காரர் கையில் ‘கிறிஸ்துமஸ்-புதுவருஷ பம்பர்’ சீட்டும் வந்துவிடும். நாட்டிலேயே முதன்முதலாகக் கேரள சர்க்கார் 1967-இல் லாட்டரியை ஏற்று நடத்த முன்வந்து, ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதற்பரிசாக வைத்து, 1968 குடியரசு தினத்தன்று முதல் குலுக்கலை நடத்திற்று. பிற்பாடு ‘காருண்யா’ என்ற பெயரில் வந்த சீட்டின் ஆதாயம், ஏழைகளின் இருதய நோய், புற்றுநோய், சிறுநீரக நோய் முதலியவற்றின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. இதுவும் பண்டிகைக் காகிதந்தான். இதிலும் அறியாத நோயாளி ஒருவர் பயனடைகிறார். எனினும் சீட்டு வாங்குகிறவன் நினைப்பது தன் அதிர்ஷ்டத்தை. தோற்ற பிறகுதான் ‘போகட்டும், யாருக்கோ வைத்தியத்துக்கு ஆயிற்று’ என்று ஆறுதல் கொள்கிறான். தினக்கூலியில் பாதியைச் சீட்டுக்கே இறைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் ஆகையால், இந்தத் தர்மத்தை முழுமனதோடு புகழ என்னால் முடியவில்லை.

முழுமனதோடு சொல்லக்கூடிய வேறொன்று இவ்வூரில் உண்டு. தீரா நோயாளிகளின் வலியைத் தணிக்கும் வைத்தியத்தை, ‘சாந்த்வன சிகிச்சை’ என்று மலையாளத்தில் அழகாகச் சொல்கிறார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாக அது தொடங்கிற்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்ற தர்ம ஸ்தாபனத்தை அமைத்தார். நாடெங்குமுள்ள வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் வலி தணிக்கும் முறையைக் கற்பிக்கும் அதன் பயிற்சி நிலையத்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2012-இல் தன் ஒத்துழைப்பு மையமாக அங்கீகரித்தது. மார்பின் என்ற மலிவான மருந்து, போதை வஸ்துச் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிக்குக் கிட்டாமல் கிடந்ததை மாற்றப் பல வருஷம் போராடி, 2014-இல் அச்சட்டம் திருத்தப்படக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். நான் வியப்பது இதன் பணவழியை. மலபாரில் வளர்ந்த அயல்வீட்டுக் குழுக்கள் ஆட்டோக்காரர், பள்ளி மாணவர், கடைக்காரர் முதலியோரிடம் அற்பத் தொகைகளாகச் சேர்த்து வைத்தியரையும் வண்டியையும் நோயாளியின் வாசலுக்கு அனுப்புகின்றன. அவற்றின் தொண்டர்களோ சில வாரப் பயிற்சி பெற்ற அண்டை வீட்டார். 2008-இல் கேரள சர்க்கார் இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஜனவரி 15 இங்கே சாந்த்வன தினம். படுக்கையோடு கிடப்பவர்கள் செய்த குடையையும், விதை வைத்துச் சுருட்டிய காகிதப் பேனாவையும் அநேகர் அந்த நாட்களில் வாங்குகிறார்கள். என் சட்டைப்பையில் இருப்பதும் அப்படியொரு பேனாதான். எழுதித் தீர்ந்ததும் மண்ணில் ஊன்றினால் செடியாகும் என்றார்கள், ஊன்றியதில் ஒன்றுகூட எனக்கு முளைத்ததில்லை.

வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இளைஞர் அமைப்பொன்று 2017 முதல் பகல்வேளையில் வினியோகிக்கும் பொதிச்சோற்றில் சிலசமயம் ஒரு துண்டுக் கடிதம் இருக்குமாம். வீடு வீடாகச் சென்று, “நாளை உங்கள் வீட்டில் ஒரு பொதி அதிகம் கட்டுங்கள்” என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். கட்டிக் கொடுத்த வீட்டுக் குழந்தை, தின்னப்போவது யார் என்று தெரியாமலே, வாழையிலைக்குள் சீக்கிரம் குணமாகவேண்டும் என்று எழுதி வைத்துவிடுகிறது. அச்சும் இல்லை, கமிஷனும் இல்லை.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, செண்டை கொட்டிக்கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒரு மெலிந்த பையனை முன்னிட்டு, எங்கள் தெருவில் கரோல் கூட்டம் வந்தது. உண்டியலை நீட்டிய சிறுவன், அயல் வார்டில் ஒருவருக்குச் சிறுநீரக அறுவைக்காகச் சேர்ப்பதாகச் சொல்லி, அச்சடித்த சீட்டு ஒன்றைத் தந்தான். அதில் கைப்பேசியால் பணம் செலுத்துவதற்கான கறுப்புக் கட்டம் இருந்தது. “மாமா, கூகுள் பே உண்டோ?” என்றான். இல்லை என்று நூறு ரூபாய் நோட்டைப் போட்டேன். அவன் விடாமல், “எங்கில் ஈ சீட்டு வேறே யாருக்கெங்கிலும் கொடுக்கணே” என்று மலையாளமும் தமிழுமாய்க் கலந்து சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அந்தச் சீட்டை உறையில் வைத்து, புதுவருஷ வாழ்த்தும் இரண்டு வரி எழுதி, வடசேரியிலிருக்கும் மாமாவின் மகனுக்கு விலாசமிட்டு, புளிமூட்டுப் பெரிய தபாலாபீஸுக்கு நடந்தேன். தபால்தலையை வலது மேல்மூலையில்தான் ஒட்டினேன். இருந்தாலும் பெட்டியில் போடுமுன் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டேன்.